கொத்தாக்கத்துக்குக் கேட்டகரி கோட்பாடு எதற்கு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொத்தாக்கம் என்றால் கணிதப்படி என்ன?

கிளஸ்டரிங் என்று பரவலாக வழங்கும் வேலையைத்தான் இங்கே கொத்தாக்கம் என்கிறேன். கையில் சில புள்ளிகள் இருக்கின்றன. எந்த இரண்டு புள்ளிகளை எடுத்தாலும் அவற்றுக்கு இடையிலான தொலைவு தெரியும். அந்தத் தொலைவு சமச்சீரானது, முக்கோணச் சமனிலிக்கு உட்பட்டது (சுற்றுவழி நேர்வழியைவிடக் குறுகாது), வெவ்வேறு புள்ளிகளுக்கிடையே சுழியமாகாது. இதற்கு முடிவுறு மெட்ரிக் வெளி என்று பெயர். இந்தப் புள்ளிகளை ஒன்றோடொன்று மோதாத கொத்துகளாகப் பிரிப்பதே வேலை. அந்தப் பிரிவினையும் ஒரு சமான உறவும் ஒன்றுதான்: 'இவை இரண்டும் ஒரே கொத்தில் இருக்கின்றன' என்பதே அந்த உறவு.

ஆக, கொத்தாக்க முறை என்பது ஒவ்வொரு மெட்ரிக் வெளிக்கும் ஒரு பிரிவினையைத் தரும் விதி. இந்த அளவில் வரையறை மிகவும் தளர்வானது. எல்லாப் புள்ளிகளையும் எப்போதும் ஒரே கொத்தில் அள்ளிப் போடுவதும் இதன்படி ஒரு முறைதான். நல்ல முறையை வீண் முறையிலிருந்து பிரித்துக்காட்ட மேலும் நிபந்தனைகள் தேவை. சிக்கலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

'நல்ல கொத்தாக்கம்' என்பதற்கு அடிகோள்களை எழுதிவிட முடியாதா?

எழுதிப் பார்த்தார்கள். 2002-இல் கணினி அறிவியலாளர் ஜான் கிளைன்பெர்க் மூன்று நிபந்தனைகளை முன்வைத்தார். மூன்றும் கேட்டவுடன் தலையாட்டத் தோன்றுபவை.

முதலாவது, அளவுகோல் மாறாமை: எல்லாத் தொலைவுகளையும் ஒரே எண்ணால் பெருக்கினாலும் விடை மாறக்கூடாது. மீட்டரில் அளந்தாலும் அடியில் அளந்தாலும் கொத்துகள் அதேதான். இரண்டாவது, நிறைவு: புள்ளிகளின் எந்தப் பிரிவினையும், தகுந்த தொலைவுகளைக் கொடுத்தால், விடையாக வரக்கூடியதாக இருக்க வேண்டும். மூன்றாவது, இசைவு: ஒரு விடை கிடைத்த பின், கொத்துக்குள் இருக்கும் தொலைவுகளைக் குறைத்தாலும் கொத்துகளுக்கு இடையிலான தொலைவுகளைக் கூட்டினாலும் அதே விடை வர வேண்டும்.

மூன்றையும் ஒருசேர நிறைவேற்றும் முறை எதுவும் கிடையாது என்பது அவருடைய தேற்றம். நிரூபணம் சில வரிகளில் அடங்கும். நிறைவு நிபந்தனையால், 'எல்லாரும் தனித்தனி' என்ற விடையைத் தரும் ஒரு தொலைவுத் தொகுப்பு உண்டு. அதை முதல் தொகுப்பு என்போம். வேறு ஏதோ ஒரு விடையைத் தரும் இரண்டாவது தொகுப்பும் உண்டு. இரண்டாவதை ஒரு பெரிய எண்ணால் பெருக்கி, அதன் எல்லாத் தொலைவுகளும் முதல் தொகுப்பின் மிகப் பெரிய தொலைவைவிட அதிகமாகும்படி செய்யுங்கள். அளவுகோல் மாறாமையின்படி அதன் விடை மாறவில்லை. ஆனால் முதல் தொகுப்பின் கண்ணோட்டத்தில் என்ன நடந்திருக்கிறது? அங்கே எல்லாப் புள்ளிகளும் தனித்தனிக் கொத்து. எல்லாத் தொலைவுகளும் கொத்துகளுக்கு இடையிலானவை, அவை கூடியிருக்கின்றன, அவ்வளவே. எனவே இசைவின்படி விடை 'எல்லாரும் தனித்தனி' என்றே இருக்க வேண்டும். ஒரே தரவுக்கு இரண்டு விடைகள் வந்துவிட்டன, முரண்.

ஏதேனும் இரண்டு நிபந்தனைகள் போதும் என்றால் தடையில்லை. மூன்று ஜோடிகளில் எதை எடுத்தாலும் அதை நிறைவேற்றும் முறை உண்டு என்பதையும் கிளைன்பெர்க் காட்டினார். பிற்பாடு இந்தத் தேற்றத்தை 'கொத்தாக்கம் சாத்தியமே இல்லை' என்று மேற்கோள் காட்டுகிறவர்கள் இந்தப் பகுதியை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

இதில் கேட்டகரி கோட்பாடு எங்கே நுழைகிறது?

இசைவு என்ற மூன்றாவது நிபந்தனையை மறுபடி பாருங்கள். அது ஒரு தரவுத் தொகுப்பைப் பற்றிப் பேசவில்லை. ஒரு தொகுப்பு இன்னொன்றாக மாறும்போது விடைகள் எப்படிப் பொருந்த வேண்டும் என்று பேசுகிறது. பொருள்களைவிட அவற்றுக்கு இடையிலான மாற்றங்களை முன்னிறுத்துவதற்கென்றே கணிதத்தில் ஒரு மொழி இருக்கிறது. சாமுவேல் ஐலன்பெர்க்கும் சாண்டர்ஸ் மக்லேனும் 1945-இல் வெளியிட்ட கட்டுரையில் அது முழு வடிவம் பெற்றது.

கணிதவியலாளர்கள் கன்னார் கார்ல்சனும் ஃபகுண்டோ மெமோலியும் அந்த மொழியில் கொத்தாக்கத்தைத் திருப்பி எழுதினார்கள். 2008 முதல் வெளிவந்த அவர்களுடைய கட்டுரைகள்தான் இந்தத் துறைக்கு அடித்தளம். அவர்கள் செய்தது, கிளைன்பெர்க்கின் இசைவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் 'ஃபங்டராக இருத்தல்' என்ற நிபந்தனையை வைத்தது. 'இயலாது' என்று முடிந்திருந்த கதை, 'இயலும், ஒரே ஒரு வழியில்தான் இயலும்' என்று மாறிவிட்டது.

கேட்டகரி, ஃபங்டர் ஆகியவற்றைக் கணிதப் பின்புலம் இல்லாதவருக்குச் சொல்ல முடியுமா?

கேட்டகரி என்பது பொருள்களும் அவற்றுக்கு இடையே ஓடும் அம்புகளும். முதல் பொருளிலிருந்து இரண்டாவதற்கும், இரண்டாவதிலிருந்து மூன்றாவதற்கும் அம்புகள் இருந்தால், அவற்றைக் கோத்து முதலிலிருந்து மூன்றாவதற்கு ஓர் அம்பு கிடைக்க வேண்டும். கோக்கும்போது அடைப்புக்குறியை எங்கே போட்டாலும் ஒரே விளைவு வர வேண்டும். ஒவ்வொரு பொருளுக்கும் 'ஒன்றும் செய்யாத' ஓர் அம்பும் உண்டு. விதிகள் இவ்வளவுதான். பள்ளிப் பாடத்தில் வரும் சார்புகளின் சேர்ப்பு நினைவிருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

ஃபங்டர் என்பது ஒரு கேட்டகரியை இன்னொன்றுக்குக் கொண்டுபோகும் விதி. பொருள்களோடு அம்புகளையும் அது எடுத்துச் செல்ல வேண்டும், கோத்த அம்பைக் கோத்த அம்பாகவே சேர்ப்பிக்க வேண்டும்.

நம் விஷயத்தில் முதல் கேட்டகரியின் பொருள்கள் முடிவுறு மெட்ரிக் வெளிகள். அவற்றுக்கு இடையிலான அம்புகள், தொலைவைக் கூட்டாத சார்புகள்: இரண்டு புள்ளிகள் எவ்வளவு தள்ளியிருந்தனவோ, அவற்றின் பிம்பங்கள் அதைவிடத் தள்ளிப் போகக்கூடாது. இரண்டாவது கேட்டகரியின் பொருள்கள் பிரிவினையோடு கூடிய கணங்கள். அங்கே அம்புகள், கொத்தைச் சிதைக்காத சார்புகள். இந்த இரண்டுக்கும் இடையே, புள்ளிகளையும் சார்புகளையும் அப்படியே வைத்துக்கொண்டு பிரிவினையை மட்டும் சேர்த்துத் தரும் ஃபங்டர்தான் கொத்தாக்க முறை. சுற்றி வளைக்காமல் சொன்னால், ஒரு சார்பு புள்ளிகளை ஒன்றிலிருந்து ஒன்று விலக்கவில்லை என்றால், அந்தச் சார்புக்கு முன் ஒரே கொத்தில் இருந்தவை பின்னும் ஒரே கொத்தில் இருக்க வேண்டும். புள்ளிகளை நெருக்கியதால் நண்பர்கள் பிரியக்கூடாது.

'நெருக்கினால் பிரியக்கூடாது' என்பது எல்லா முறைகளுக்கும் பொருந்துவதுதானே?

பொருந்தாது. நடைமுறையில் அதிகம் புழங்கும் முறைகளே இங்கே தடுக்கி விழுகின்றன.

ஒரு கோட்டில் 0, 3, 5 என்ற இடங்களில் மூன்று புள்ளிகளை வையுங்கள். அவற்றை அ, ஆ, இ என்போம். தனித்தனிப் புள்ளிகளில் தொடங்கி, மிக நெருங்கிய இரண்டு கொத்துகளைப் படிப்படியாக இணைத்துக்கொண்டே போகும் முறைகள் உண்டு. அவற்றுள் முழு இணைப்பு முறையில், அதாவது கம்ப்ளீட் லிங்கேஜில், இரண்டு கொத்துகளுக்கு இடையிலான தூரம் என்பது அவற்றின் மிகத் தொலைவான புள்ளிகளுக்கு இடையிலான தூரம். ஆவும் இயும் 2-இல் இணைகின்றன. அ அவற்றோடு சேர 5 வரை காத்திருக்க வேண்டும். இப்போது இ-யை மறந்துவிட்டு, அ, ஆ இரண்டை மட்டும் பாருங்கள்: அவை 3-இலேயே சேர்ந்துவிடுகின்றன. ஆக, வரம்பு 3 என்று வைத்தால், சிறிய தரவில் ஒன்றாக இருந்த அ-வும் ஆ-வும், ஒரு புதிய புள்ளி வந்து அமர்ந்ததால் மட்டுமே பிரிந்துவிட்டன. அவற்றுக்கு இடையிலான தூரம் இம்மியும் மாறவில்லை: சிறிய தரவைப் பெரியதற்குள் அப்படியே வைப்பதும் தொலைவைக் கூட்டாத ஓர் அம்புதான். சராசரி இணைப்பு முறையிலும் இதே கதைதான். அங்கே கொத்துகளுக்கு இடையிலான தூரம் என்பது புள்ளித் தூரங்களின் சராசரி, எனவே அ-வும் ஆ-வும் 4-இல் சேரும்.

கே-மீன்ஸும் தப்பவில்லை. கொத்துகளின் எண்ணிக்கையை முன்பே சொல்லிவிட்டு, புள்ளிகள் தத்தம் கொத்தின் சராசரியிலிருந்து விலகும் தூரங்களின் வர்க்கக் கூட்டுத்தொகையை, அதாவது வர்க்கப் பிழையை, மிகக் குறைக்கப் பார்க்கும் முறை அது. 0, 5, 11 என்ற மூன்று புள்ளிகளை இரண்டு கொத்தாகப் பிரிக்கச் சொன்னால், 0-உம் 5-உம் ஒரு கொத்து, 11 தனி. வர்க்கப் பிழை 12.5. மாற்று வழியில் அது 18. இப்போது 7-இல் ஒரு புள்ளியைச் சேருங்கள். 0 தனியாக, 5, 7, 11 ஒன்றாக வைத்தால் பிழை ஏறத்தாழ 18.7, பழைய ஜோடியை 7, 11 ஜோடிக்கு எதிரே வைத்தால் 20.5, 11-ஐ மட்டும் தனியாக விட்டால் 26. எனவே 0 கழன்று தனியே போகிறது.

இது கே-மீன்ஸ் தவறு என்று காட்டுவதற்காகச் சொன்னதல்ல. கொத்துகளின் எண்ணிக்கையை முன்கூட்டியே பூட்டிவைத்தால், எங்கோ ஒரு புள்ளி சேரும்போது வேறெங்கோ ஒரு கொத்து உடைவதற்கு வழி பிறந்துவிடுகிறது. அது வேண்டுமா வேண்டாமா என்பது பயன்படுத்துபவர் முடிவு. ஆனால் அப்படி நடக்கும் என்று தெரிந்திருப்பது நல்லது.

'ஒரே ஒரு வழியில்தான் இயலும்' என்றீர்களே, அந்த வழி எது?

ஒற்றை இணைப்பு முறை, சிங்கிள் லிங்கேஜ். ஒரு வரம்பைத் தேர்ந்தெடுங்கள். அந்த வரம்புக்குள் இருக்கும் எந்த இரண்டு புள்ளிகளையும் ஒரு கோட்டால் இணையுங்கள். கோடுகளைப் பிடித்துக்கொண்டு நடந்து எங்கெல்லாம் போக முடிகிறதோ அதெல்லாம் ஒரு கொத்து.

இதன் நிரூபணத்தை விட்டுவிட்டால் இந்தப் பக்கத்துக்கே பொருளில்லை. கேட்டகரிச் சிந்தனை எப்படி வேலை செய்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

எந்த ஃபங்டரை எடுத்தாலும், முதலில் வெறும் இரண்டு புள்ளிகள் மட்டும் கொண்ட வெளிகளில் அது என்ன செய்கிறது என்று கேளுங்கள். இரண்டு புள்ளிகள் ஏதோ ஒரு தூரத்தில் சேர்ந்துவிட்டால், அதைவிடக் குறைந்த தூரத்திலும் சேர்ந்தாக வேண்டும், ஏனெனில் தள்ளியிருக்கும் ஜோடியிலிருந்து நெருங்கியிருக்கும் ஜோடிக்கு ஓர் அம்பு உண்டு. ஆகவே ஒரு வரம்பு இருக்கிறது: அதற்குள் சேரும், தாண்டினால் சேராது. சரியாக வரம்பின் மேலேயே நிற்கும் ஜோடி எந்தப் பக்கம் என்பது ஒரு சின்ன விவரம். சேரும் என்றே வைத்துக்கொள்வோம்.

இப்போது எத்தனை புள்ளிகள் கொண்ட வெளியானாலும் சரி. அதில் இரண்டு புள்ளிகள் வரம்புக்குள் இருந்தால், வரம்பளவு தள்ளியிருக்கும் இரண்டு-புள்ளி வெளியிலிருந்து அந்த இரண்டின் மேல் ஓர் அம்பை எய்யலாம். அங்கே சேர்ந்திருந்தவை இங்கேயும் சேரும். ஒரே கொத்தில் இருப்பது சமான உறவு என்பதால், சங்கிலியாகத் தொடும் எல்லாப் புள்ளிகளும் சேரும். ஆக, ஒற்றை இணைப்பு சேர்ப்பதையெல்லாம் நம் ஃபங்டரும் சேர்த்தே தீர வேண்டும்.

அதற்குமேல் எதையாவது சேர்க்க முடியுமா? ஒற்றை இணைப்பு தந்த கொத்துகளில் ஒன்றை ஒரு பக்கமும் மீதி எல்லாவற்றையும் மறுபக்கமும் வையுங்கள். இரண்டு பக்கங்களுக்கும் இடையே உள்ள மிகக் குறைந்த தூரமும் வரம்பைவிட அதிகம். இல்லாவிட்டால் அவை இணைந்திருக்கும். இந்த முறை எதிர்த்திசையில் எய்யுங்கள்: முழு வெளியிலிருந்து, அந்தக் குறைந்த தூரத்தில் நிற்கும் இரண்டு-புள்ளி வெளிக்கு. ஒரு பக்கம் முழுவதும் ஒரு புள்ளியில் விழுகிறது, மறுபக்கம் மற்றதில். எந்தத் தொலைவும் கூடவில்லை. இலக்கில் அந்த இரண்டும் சேரவில்லை. எனவே மூலத்திலும் சேர்ந்திருக்க முடியாது.

முடிந்தது. இரண்டு புள்ளிகளில் என்ன நடக்கிறது என்று சொல்லிவிட்டால், ஆயிரம் புள்ளிகளில் என்ன நடக்கும் என்பது தீர்மானமாகிவிடுகிறது.

அளவுகோல் மாறாமை என்ன ஆயிற்று? அதை விட்டுக்கொடுத்துவிட்டார்களா?

ஆம், பிடிவாதமாக வைத்துக்கொண்டால் ஒன்றும் மிஞ்சாது. மேலே சொன்ன வரம்பு அளவுகோலைப் பொறுத்து மாறக்கூடாது என்றால், அது சுழியமாகவோ முடிவிலியாகவோதான் இருக்க வேண்டும். முதலாவதில் எல்லாரும் தனித்தனி. இரண்டாவதில் எல்லாரும் ஒரே கொத்து. இரண்டுமே பயனற்றவை.

இதிலிருந்து வெளியே வரும் வழி, ஒரு வரம்பைத் தேர்ந்தெடுக்கும் கட்டாயத்தையே கைவிடுவது. எல்லா வரம்புகளுக்குமான விடைகளை ஒரே நேரத்தில் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் டெண்ட்ரோகிராம்: வரம்பு ஏற ஏற, கொத்துகள் எந்த உயரத்தில் ஒன்றோடொன்று சேர்கின்றன என்று காட்டும் மரம். தொலைவுகளை இரண்டு மடங்காக்கினால் மரமும் இரண்டு மடங்கு உயரும், உருவம் மாறாது. கிளைன்பெர்க்கின் முட்டுச்சுவருக்கு இதுவே கதவு: ஒற்றை விடையைக் கேட்டதால்தான் அது சுவராக இருந்தது.

டெண்ட்ரோகிராமுக்கும் கணித வரையறை உண்டா, அல்லது வெறும் படமா?

உண்டு, அழகானதும் கூட. மரத்தில் இரண்டு புள்ளிகள் முதன்முதலில் சேரும் உயரத்தை அவற்றுக்கு இடையிலான புதிய தொலைவு என்று கொள்ளுங்கள். அந்தத் தொலைவு முக்கோணச் சமனிலியைவிடக் கடுமையான ஒரு விதிக்குக் கட்டுப்படும்: ஒரு பக்கம், மற்ற இரண்டு பக்கங்களில் பெரியதைத் தாண்டாது. அப்படிப்பட்ட தொலைவுக்கு அல்ட்ராமெட்ரிக் என்று பெயர். எல்லா முக்கோணங்களும் இருசமபக்க முக்கோணங்களாகிவிடும் விசித்திரமான வடிவியல் அது. டெண்ட்ரோகிராமும் அல்ட்ராமெட்ரிக்கும் ஒரே விஷயத்தின் இரண்டு எழுத்து வடிவங்கள். ஒன்றிலிருந்து மற்றதை இழப்பின்றி மீட்கலாம்.

ஒற்றை இணைப்பு தரும் உயரத்துக்கு நேரடிச் சூத்திரம் இருக்கிறது. இரண்டு புள்ளிகளுக்கு இடையே மற்ற புள்ளிகளின் மேல் கால்வைத்துத் தாவிச் செல்லும் எல்லாப் பாதைகளையும் பாருங்கள். ஒவ்வொரு பாதையிலும் மிக நீளமான தாவல் எது என்று குறியுங்கள். அவற்றுள் மிகச் சிறியதே அந்த உயரம்.

இனி ஒரு படி மேலே போகலாம். அல்ட்ராமெட்ரிக் வெளிகள் மெட்ரிக் வெளிகளுக்குள் ஒரு சிறிய கேட்டகரி. சிறியதிலிருந்து பெரியதற்குப் போவது எளிது, ஏற்கெனவே உள்ளேதான் இருக்கிறது. திரும்பி வருவதற்கு மிகச் சிறந்த வழி ஏதாவது உண்டா? உண்டு, அது ஒற்றை இணைப்பு. உங்கள் தரவிலிருந்து எந்த அல்ட்ராமெட்ரிக் வெளிக்குத் தொலைவைக் கூட்டாத சார்பை வரைந்தாலும், அதே சார்பு ஒற்றை இணைப்பு தந்த மரத்திலிருந்தும் தொலைவைக் கூட்டாது. காரணம் ஒரு வரிதான்: இலக்கில் இரண்டு பிம்பங்களுக்கு இடையிலான தொலைவு, அல்ட்ராமெட்ரிக் விதிப்படி, பாதையின் மிகப் பெரிய தாவலைத் தாண்டாது, இது எல்லாப் பாதைகளுக்கும் பொருந்துவதால் சிறந்த பாதைக்கும் பொருந்தும். கேட்டகரி மொழியில் இதை இடது அட்ஜாயிண்ட் என்பார்கள். 'அட்ஜாயிண்ட் எங்கும் எழுகின்றன' என்பது அந்தத் துறையினர் அடிக்கடி சொல்லும் வாசகம். தரவுப் பகுப்பாய்வின் பழைய முறைகளில் ஒன்று அப்படி ஒன்றாக வெளிப்படுவது எனக்கு இன்னமும் வியப்பாகத்தான் இருக்கிறது.

ஒற்றை இணைப்பு நடைமுறையில் மோசமானது என்று படித்திருக்கிறேனே?

சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள். இரண்டு பெரிய குவியல்களுக்கு இடையே மெல்லிய சரம்போலச் சில புள்ளிகள் இருந்தால் போதும், அது இரண்டையும் ஒன்றாக்கிவிடும். இதைச் சங்கிலி விளைவு என்பார்கள். இரைச்சல் நிறைந்த தரவில் இது அன்றாடத் தலைவலி.

ஆக ஒரு பக்கம், கணிதம் 'இது ஒன்றுதான்' என்கிறது. மறுபக்கம், அனுபவம் 'இது ஆகாது' என்கிறது. இந்த இடத்தில் பலர் கணிதத்தைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். தேற்றத்தின் நிபந்தனைகளைத் திரும்பிப் பார்த்திருக்க வேண்டும். மேலே நிரூபணத்தில், ஒரு பக்கத்திலுள்ள புள்ளிகள் அனைத்தையும் ஒரே புள்ளியில் போட்டு நசுக்கினோம். அப்படிப்பட்ட அம்புகளை அனுமதித்ததால்தான் ஒற்றை இணைப்பைத் தவிர வேறு வழியில்லாமல் போயிற்று. பல புள்ளிகளை ஒன்றாக நசுக்கும்போது அடர்த்தி பற்றிய தகவல் அழிகிறது. நசுக்கினாலும் விடை பொருந்த வேண்டும் என்று கேட்டவர், 'அடர்த்தியைப் பார்க்காதே' என்று தம்மை அறியாமலேயே உத்தரவு போட்டுவிட்டார்.

அப்படியானால் அம்புகளைக் குறைத்தால் வேறு முறைகள் கிடைக்குமா?

கிடைக்கும். இந்தக் கோட்பாட்டின் உயிரே இதில்தான் இருக்கிறது என்பேன்: எந்த அம்புகளை மதிக்கிறீர்கள் என்று சொல்லுங்கள், எந்த முறைகள் உங்களுக்கு மிஞ்சும் என்று சொல்லிவிடலாம்.

மிகக் கடுமையாகக் குறைத்து, தொலைவுகளை அப்படியே காக்கும் பெயர்மாற்றங்களை மட்டும் அனுமதித்தால், ஏறக்குறைய எல்லாமே ஃபங்டர்தான். ஒரே நிபந்தனை, சமச்சீரை உடைக்கக்கூடாது. சமபக்க முக்கோணத்தின் மூன்று முனைகளை இரண்டு, ஒன்று என்று பிரிக்க முடியாது. எந்த முனையைத் தனியே விடுவது என்பதற்குத் தரவில் காரணமே இல்லை. இரண்டு கொத்து கேட்டால் கே-மீன்ஸ் ஏதோ ஒரு முனையைத் தனியே தள்ளியாக வேண்டும். எதை என்பது தொடக்க எண்களின் தயவு.

இரண்டுக்கும் நடுவே ஒரு நல்ல நிலை இருக்கிறது: ஒன்றுக்கொன்றான சார்புகளை மட்டும் அனுமதிப்பது. புள்ளிகளைச் சேர்க்கலாம், நெருக்கலாம், ஆனால் இரண்டைப் போட்டு ஒன்றாக்கக்கூடாது. இப்போது எண்ணிக்கைக்கு மதிப்பு வந்துவிடுகிறது. உதாரணமாக, இரண்டு புள்ளிகள் நேரடியாக இணைய, அவை இரண்டையும் உள்ளடக்கி, ஒருவருக்கொருவர் வரம்புக்குள் இருக்கும் மூன்று புள்ளிகள் வேண்டும் என்று விதி வையுங்கள். ஓரலகு இடைவெளியில் நேர்வரிசையாக நிற்கும் சரத்தில், வரம்பு 1 என்றால், அப்படி மூன்று புள்ளிகள் அகப்படாது. ஒன்றுவிட்ட புள்ளிகள் 2 அலகு தள்ளியிருக்கின்றன. சரம் உதிர்ந்துவிடுகிறது, குவியல்கள் நிற்கின்றன. மூன்றுக்குப் பதில் நான்கு, ஐந்து என்றும் கேட்கலாம்.

இந்த விதிகளுக்குப் பொது வடிவம் உண்டு. சில சிறிய வெளிகளை முன்மாதிரிகளாகப் பட்டியலிடுங்கள். தரவில் இரண்டு புள்ளிகளை ஏதோ ஒரு முன்மாதிரியின் பிம்பம் உள்ளடக்கினால் அவற்றை இணையுங்கள், பிறகு சங்கிலியாகத் தொடருங்கள். கார்ல்சனும் மெமோலியும் காட்டியது: ஒன்றுக்கொன்றான அம்புகளின் உலகில், முன்மாதிரிகளால் உருவாகும் முறைகளும், ஒரு கொத்தைத் தனியே எடுத்து அதே முறைக்குக் கொடுத்தால் மேலும் உடையாத முறைகளும் ஒன்றே. 'தனியே எடுத்தாலும் உடையாதது' என்பது கொத்து என்ற சொல்லிலேயே நாம் எதிர்பார்க்கும் பண்பு. அதுவும் முன்மாதிரிப் பட்டியலும் ஒன்றாகிவிடும் என்று யார் எதிர்பார்த்திருப்பார்கள்?

டிபிஸ்கேன் இந்த வரைபடத்தில் எங்கே நிற்கிறது?

1996-இல் வந்த டிபிஸ்கேன், குறிப்பிட்ட ஆரத்துக்குள் போதுமான அண்டைப் புள்ளிகளைக் கொண்டவற்றை மையப் புள்ளிகள் என்கிறது. மையப் புள்ளிகளைச் சங்கிலியாக இணைக்கிறது. மையப் புள்ளிகளை மட்டும் கொத்தாக்கி, மீதியைத் தனித்தனியே விட்டால், ஒன்றுக்கொன்றான அம்புகளுக்கு அது ஃபங்டர்: புள்ளி சேர்ந்தாலும் நெருங்கினாலும் அண்டை எண்ணிக்கை குறையாது, மையம் மையமாகவே இருக்கும். நசுக்கும் அம்புகளை அனுமதித்தால் எண்ணிக்கை குறையலாம், அப்போது ஃபங்டர் இல்லை. ஓரப் புள்ளிகளைப் பொறுத்தவரை சங்கடம் வேறு. இரண்டு கொத்துகளின் விளிம்பில் நிற்கும் புள்ளி எதில் சேரும் என்பதை, வழக்கமான செயல்படுத்தல்களில், தரவை வாசிக்கும் வரிசை தீர்மானிக்கிறது. அது பெயர்மாற்றத்துக்குக்கூட நிலைக்காத விடை.

தரவில் சின்னப் பிழை இருந்தால் விடை எவ்வளவு மாறும்?

ஒற்றை இணைப்பில், ஒவ்வொரு தொலைவும் அதிகபட்சம் 0.01 மாறினால், மரத்தின் எந்த உயரமும் 0.01-க்கு மேல் மாறாது. தாவல் சூத்திரத்தைப் பார்த்தாலே தெரியும். புள்ளிகளின் எண்ணிக்கையே வேறாக இருக்கும் இரண்டு தரவுகளை ஒப்பிட க்ரோமோவ்-ஹவுஸ்டார்ஃப் தொலைவு இருக்கிறது. அதன்படியும் இரண்டு மரங்களுக்கு இடையிலான தொலைவு, தரவுகளுக்கு இடையிலான தொலைவைத் தாண்டாது. இதைக் கார்ல்சனும் மெமோலியும் 2010-இல் வெளியிட்டார்கள்.

முழு இணைப்பில் இந்த நிம்மதி இல்லை. 0, 1, 1.99 என்ற புள்ளிகளில் முதல் இரண்டும் சேரும் உயரம் 1.99. கடைசிப் புள்ளியை 2.01-க்கு நகர்த்துங்கள், அதே இரண்டும் 1-லேயே சேர்ந்துவிடும். 0.02 நகர்வுக்கு 0.99 தாவல்.

இதைக் கணினியில் செய்யப் புதிய மென்பொருள் வேண்டுமா?

வேண்டாம். ஒற்றை இணைப்பு மரம், மிகச் சிறு பரவு மரத்திலிருந்து, அதாவது எல்லாப் புள்ளிகளையும் மிகக் குறைந்த மொத்த நீளத்தில் இணைக்கும் கோடுகளிலிருந்து, நேரடியாகக் கிடைக்கிறது. கோவரும் ராஸும் 1969-இல் இந்தத் தொடர்பை விளக்கினார்கள். சிப்சன் 1973-இல் வெளியிட்ட வழிமுறை, புள்ளிகளின் எண்ணிக்கையின் வர்க்கத்துக்கு விகிதமான நேரத்தில் முடிக்கிறது. மூன்று புள்ளி விதி போன்றவற்றுக்கு முதலில் தொலைவை மாற்றிக்கொள்ளுங்கள்: இரண்டு புள்ளிகளை உள்ளடக்கும் மூன்று-புள்ளிக் கணங்களில், மிகப் பெரிய பக்கம் எதில் மிகச் சிறியதோ அந்தப் பக்கமே புதிய தொலைவு. அதன்மேல் அதே ஒற்றை இணைப்பை ஓட்டினால் போதும். ஆக, எங்கே சுற்றினாலும் அந்தப் பழைய முறைக்கே வந்து நிற்கிறோம்.

ஜார்டைன், சிப்சன் ஆகியோர் இதை முன்பே செய்துவிட்டதாகச் சொல்கிறார்களே?

1971-இல் அவர்கள் வேறு அடிகோள்களிலிருந்து தொடங்கி ஒற்றை இணைப்புக்கே வந்துசேர்ந்தார்கள் என்பது உண்மை. முடிவு புதிதல்ல. அம்புகளைக் கூட்டிக் குறைத்து முறைகளை வகைப்படுத்தும் நெம்புகோல்தான் புதிது.

யூமேப் என்ற காட்சிப்படுத்தல் முறையும் இதைச் சேர்ந்ததா?

உறவு உண்டு, ஆனால் பங்காளி உறவுதான். 2018-இல் வந்த யூமேப், மெட்ரிக் வெளிகளுக்கும் மங்கலான சிம்ப்ளிஷியல் கணங்களுக்கும் (இணைப்புகளுக்கு 0 முதல் 1 வரை வலிமை கொடுக்கும் கட்டமைப்புகள்) இடையே டேவிட் ஸ்பிவாக் அமைத்த அட்ஜாயிண்ட் ஒன்றிலிருந்து தன் நியாயத்தை எடுத்துக்கொள்கிறது. அது கொத்தாக்க முறையல்ல. தரவைத் தாழ்ந்த பரிமாணத்தில் விரிக்கும் முறை. யூமேப் படத்தில் தெரியும் தீவுகளைக் கொத்துகள் என்று எடுத்துக்கொள்பவர்கள், அந்தத் தீவுகளுக்கு இடையிலான இடைவெளியின் அளவை நம்பாமல் இருப்பது நல்லது.

என் தரவில் இதை எப்படிப் பயன்படுத்துவது? கொத்துகள் எத்தனை என்று சொல்லுமா?

சொல்லாது. அந்த எதிர்பார்ப்போடு வருபவர்கள் ஏமாந்துதான் திரும்புவார்கள்.

ஒரு சோதனையை மட்டும் இரவல் வாங்கிக்கொள்ளலாம். உங்கள் தரவு எப்படி மாறப்போகிறது என்று முதலில் எழுதிக்கொள்ளுங்கள்: புதிய பதிவுகள் சேருமா, ஒரே பொருளின் இரட்டைப் பதிவுகள் ஒன்றாக்கப்படுமா, அளவீடுகள் திருத்தப்படுமா? இவை ஒவ்வொன்றும் ஓர் அம்பு. பிறகு, நீங்கள் ஓட்டும் முறையை அந்த அம்பின் இரு முனைகளிலும் ஓட்டிப் பாருங்கள். ஒரு பத்தில் ஒரு பங்குப் பதிவுகளை நீக்கிவிட்டு ஓட்டுங்கள். நீக்கிய தரவில் ஒன்றாக இருந்து முழுத் தரவில் பிரிந்துபோகும் ஜோடிகளை எண்ணுங்கள். பதிவுகள் சேரச் சேர, நேற்று ஒரே கொத்தில் இருந்த இருவர் இன்று பிரிந்திருப்பதற்கு நீங்கள் யாருக்காவது விளக்கம் சொல்ல வேண்டிய வேலையில் இருந்தால், அந்த எண்ணிக்கை சுழியமாகும் முறையைத் தேடுங்கள். இரட்டைப் பதிவுகளை ஒன்றாக்குவது அடிக்கடி நடக்கும் என்றால், அடர்த்தியை நம்பும் முறைகளோடு எச்சரிக்கையாக இருங்கள். அவை எண்ணுவது உண்மையான அண்டை வீட்டாரையா, ஒரே ஆளின் நகல்களையா என்று பாருங்கள்.